நாலரை அங்குலத் திரி

எங்கள் பூனையின் அடிவயிற்றில் கட்டி இருப்பதை முதலில் கண்டவள் என் மனைவி பாத்திமா. மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தவள், "ஏங்க, இங்கன கொஞ்சம் கையை வச்சுப் பாருங்க" என்றாள். வைத்துப் பார்த்தேன். தோலுக்குக் கீழே சின்ன எலுமிச்சங்காய் அளவில் ஒன்று உருண்டது. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் இயல்பிலேயே பயந்தவன். யாராவது இருமினால் காசநோய் என்று நினைப்பேன். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அத்தா கொண்டுபோய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். படித்தவர்களுக்கு எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்திருக்கும். எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

பூனையின் பெயர் ஜரிகை. சாம்பல் உடம்பு, முதுகு நெடுக ஒரே ஒரு மஞ்சள் கோடு. காஜிமார் தெருப் பக்கம் எங்கள் வீடு, முன்னறைதான் கடை. யுத்த காலம், துணிக்குக் கண்ட்ரோல். தைக்கக் கொடுத்த துணியில் எலி ஓட்டை போட்டால் பதிலுக்கு வாங்கிக் கொடுக்கத் துணி கிடைக்காது. ஜரிகை இருந்தபடியால் எலிப் பயம் மட்டும் எனக்கு இல்லை. ஆனால் அதற்காகத்தான் அதைக் காப்பாற்ற ஓடினேன் என்று சொன்னால் பொய். மகள்கள் இருவரும் கல்யாணமாகிப் போன பிறகு, எனக்கும் பாத்திமாவுக்கும் நடுவில் பேச்சு என்று ஒன்று இருந்ததே அந்தப் பூனையால்தான். "சாப்பிட்டுச்சா?" "இல்லையே, உங்க பக்கம் வரலையா?" இப்படியே பொழுது போகும்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மாட்டாஸ்பத்திரி. மூடி போட்ட பிரம்புக் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். அங்கே மாடு வரும், ஜட்காக் குதிரை வரும். பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள்தான். டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். காளைகளை அதட்டி அதட்டியோ என்னவோ, அவர் சாதாரணமாகப் பேசுவதே அதட்டல் மாதிரிதான் இருக்கும். கட்டியை அமுக்கிப் பார்த்தார்.

"எலி பிடிக்குமா?"

"நல்லாப் பிடிக்கும்யா."

"அப்போ அதுவும் உழைக்கிற பிராணிதான். எடுத்துடலாம்."

மறுநாள் மயக்க மருந்து கொடுத்துக் கட்டியை அறுத்து எடுத்தார். அறுக்கும்போது நான் வாசலில் நின்று யாசீன் ஓதிக்கொண்டிருந்தேன். தைக்கும்போது மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தையல்காரனுக்குத் தையலைப் பார்க்காமல் இருக்க முடியாது. நாங்கள் ஒரே நூலாக ஓட்டிக்கொண்டு போவோம். அவர் ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனியாக முடிச்சுப் போட்டு வெட்டினார். மொத்தம் ஐந்து. பிறகு அதைப் பற்றிக் கேட்டேன். "ஒண்ணு அறுந்தாலும் மத்த நாலும் நிக்கும்" என்றார். இவ்வளவு யோசித்துச் செய்கிறவர் கையில் கொடுத்தோமே என்று மனசு சற்று ஆறியது.

அந்த ஆறுதல் மூன்று நாள்தான். நாலாம் நாள் காலையில் ஜரிகை என் கையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. காது சுட்டது. தையலின் கீழ்முனை சிவந்து தடித்திருந்தது. அழுகிய பழத்தின் வாடை வந்தது. பாத்திமா என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேருமாகக் கூடையை எடுத்தோம்.

டாக்டர் பார்த்தவுடன், "நக்கியிருக்கு. சீழ் பிடிச்சிருச்சு" என்றார். கீழே இருந்த இரண்டு தையலை வெட்டினார். மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் வந்தது. ஊதாப் பொடி கரைத்த தண்ணீரால் கழுவினார். பிறகு ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை, கொசுவலை மாதிரிக் கண் கண்ணாக இருக்குமே அதை, ரிப்பன் அகலத்துக்கு வெட்டினார். ஆறு அங்குலம் இருக்கும். என் கண் அளவு தப்பாது. மஞ்சள் மருந்தில் நனைத்து, இடுக்கியால் புண்ணின் திறந்த வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தார். ஒரு முனை மட்டும் வெளியே தொங்கியது.

அது எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் முற்றத்தில் ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, டாக்டர் சத்தம் போட்டபடி வெளியே ஓடினார். கம்பவுண்டர் சுந்தரம் அவசர அவசரமாக வயிற்றைச் சுற்றிக் கட்டுப் போட்டார். "கட்டை அவுக்காதீக பாய். நாளைக்குக் காலையில வாங்க" என்று சொல்லிவிட்டு அவரும் ஓடினார்.

இங்கேதான் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பார்த்தால், ஜரிகை பின்னங்காலால் உதைத்து உதைத்துக் கட்டை இடுப்புக்குத் தள்ளிவிட்டிருந்தது. கட்டு நல்ல கட்டுதான். பூனையின் இடுப்பு ஒடுங்கிய இடுப்பு. எந்தக் கட்டும் அங்கே நிற்காது. புண் வெளியே தெரிந்தது. அந்தத் துணி முனை, பிசிறு பிசிறாக, ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜரிகை அதைப் பல்லால் கவ்வப் பார்த்தது. அதைக் கவ்வி இழுத்தால் மீதி மூன்று தையலும் பிய்ந்து குடல் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன்.

பாத்திமா தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் கத்தரியை எடுத்தேன். முப்பது வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை பிசிறு வெட்டுகிறேன்! சட்டை முடிந்ததும் கடைசி வேலை அதுதானே. தோலோடு ஒட்ட வைத்து ஒரே வெட்டு. துண்டு கீழே விழுந்தது. வாய் சுத்தமாகத் தெரிந்தது. வேலை முடிந்த திருப்திகூட வந்தது, அல்லா மன்னிக்கட்டும்.

அதோடு விடவில்லை. நக்காமல் இருக்க ஒரு சட்டை தைத்தேன். பழைய மல் துணியில் நாலு காலுக்கு நாலு ஓட்டை, முதுகில் கட்டிக்கொள்ள மூன்று நாடா. போட்டுவிட்டதும் ஜரிகை இரண்டடி நடந்து, கோபத்தோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பாத்திமா அன்றைக்குத்தான் சிரித்தாள். "பள்ளிவாசலுக்குப் போற புது மாப்பிள்ளை கணக்கா இருக்கு" என்றாள்.

மறுநாள் காலையில் டாக்டர் அந்தச் சட்டையைப் பார்த்து அசந்துபோனார். "யார் தைச்சது? நீங்களா பாய்? இம்புட்டு வருஷத்துல எனக்குத் தோணலையே!" என்று அங்கிருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பூரித்துப்போய் நின்றேன். நாடாவை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "திரி எங்கே?" என்றார்.

"எந்தத் திரி அய்யா?"

"நேத்து உள்ளே வச்ச துணித் திரி. சீழ் வடியறதுக்குன்னு வச்சேனே. தினம் கொஞ்சம் இழுத்துக் குறைக்கணும்."

அது பிசிறு இல்லை, மருந்து. நான் வெட்டியது வெளியே இருந்த துண்டைத்தான். மற்றது?

சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் கம்பவுண்டர் சுந்தரம், "கட்டோட நழுவி விழுந்திருக்கும் சார்" என்றார். டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "ஒழுங்காக் கட்டத் தெரியாதா உனக்கு? எத்தனை வருஷமா இதே வேலை பார்க்கிறே?" அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் தலையைக் குனிந்து நின்றார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, வாய் மூடிக்கிச்சு. ஆறட்டும்" என்று டாக்டர் மேலே மருந்து தடவி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெட்டுத்துணி மூட்டையைக் கொட்டித் தேடினேன். கிடைத்தது. அளந்தேன். ஒன்றரை அங்குலம். ஆறில் ஒன்றரை போனால் நாலரை. என் பூனையின் வயிற்றுத் தோலுக்குள் நாலரை அங்குலம் துணி கிடக்கிறது. அந்தத் துண்டை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் வைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த இரண்டு நாளை எப்படி எழுதுவது? ஒரு மனசு, 'தானாக வெளியே வந்துவிடும்' என்றது. இன்னொரு மனசு, 'கொன்றுவிட்டாய்' என்றது. டாக்டரிடம் சொன்னால் கூடையோடு வெளியே தள்ளுவார், பூனைக்கு வேறு ஆஸ்பத்திரி கிடையாது என்று நினைத்தேன். சுந்தரம் திட்டு வாங்கியதை நினைத்தால் அதைவிடப் பயம். பாத்திமாவிடம் சொல்லலாம் என்றால், அவள் என் கைவேலையைப் பற்றி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டுப்பாலைப் பஞ்சில் நனைத்து ஜரிகையின் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி வெளியே வழிந்தது. வயிறு தொட்டால் அனலாகச் சுட்டது. இரண்டாம் நாள், கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் தோல் வந்து பாதி விழியை மூடியிருந்தது. மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கால் மிதிக்கவில்லை. அதன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கூடையைத் தூக்கும்போது கனமே இல்லை.

ஆஸ்பத்திரி முற்றத்தில் அலங்காநல்லூர்க்காரர் ஒருவர் ஒரு காளையோடு நின்றார். கொம்பின் வேரில் காயம். கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன ராவுத்தரே, பூனைக்கா இம்புட்டுப் பாடு? அதுவும் சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு. எங்காளை அம்மணமா நிக்குது பாருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்தார். சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். "ஏன்ணே, நம்ம பண்ணின தப்பை டாக்டர்கிட்டச் சொன்னா ஏசுவாரோ?"

"ஏசவா? உரிச்சிருவாரு. நான் கொம்புல சாணியை வச்சுக் கட்டினேன். சொன்னேனா? மூச்சுவிடல. 'மாடு சாணியில படுத்திருச்சுய்யா'ன்னுட்டேன். எதையும் ஒத்துக்காதீக."

எனக்கு அது தேவையாக இருந்தது. ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு மனிதன் சொல்லிவிட்டான். ஆனால் கூடைக்குள் பார்த்தேன். ஜரிகை வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் அவசரத்தில் இருந்தார். மேலூர்ப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் பரவுகிறதாம். ஊசி போட மத்தியானம் புறப்படுகிறார், வர நாலு நாளாகும். ஜரிகையின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றைத் தொட்டார். அவர் குரல் அன்றைக்குத்தான் சின்னதாக இருந்தது.

"பாய், உள்ளே விஷம் பரவிடுச்சு. என்னால ஆனதைப் பண்ணியாச்சு. நான் வர்ற வரைக்கும் தாங்காது; வேதனைதான் மிச்சம். மயக்க மருந்தைக் கொஞ்சம் கூடுதலாக் குடுத்தா தூங்கின மாதிரியே போயிடும். என்ன சொல்றீங்க?"

பாத்திமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க" என்றாள். சுந்தரம் மருந்துக் குப்பியை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"அய்யா, திரி விழல" என்றேன்.

"என்ன?"

"கட்டு நழுவினது சுந்தரம் தப்பில்ல. திரி நழுவவே இல்ல. பிசிறுன்னு நினைச்சு நான்தான் கத்தரியால வெட்டினேன். மிச்சம் உள்ளதான் இருக்கு." பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசைமேல் பிரித்தேன்.

வாசலில் நின்ற காளைக்காரர், 'அடப் பாவி' என்கிற மாதிரித் தலையில் கை வைத்தார்.

"ரெண்டு நாளாத் தெரியுமா?" டாக்டர் கேட்டார்.

"தெரியும்யா."

அவர் முகம் கறுத்தது. திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "உள்ளே எவ்வளவு நீளம்?" என்றார்.

"நாலரை அங்குலம்."

"நிச்சயமா?"

"நீங்க வெட்டினது ஆறு. இது ஒன்றரை."

"சுந்தரம், குப்பியை வை. வெந்நீர் கொண்டா. இடுக்கி. பாய், பிடிச்சுக்கங்க, இந்த உடம்புக்கு மயக்க மருந்து தாங்காது."

வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து வைத்து மூடியிருந்த வாயை இளக்கினார். திறந்ததும் சீழ் என் கைமேல் பாய்ந்தது. இடுக்கியை உள்ளே விட்டார். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாவதும் இல்லை. ஜரிகை கத்தவில்லை, என் பெருவிரலைப் பார்த்தபடி கிடந்தது. மூன்றாம் முறை அவர் கை நின்றது. மெல்ல இழுத்தார். பழுப்பாக, நாற்றத்தோடு, வந்துகொண்டே இருந்தது.

மேசைமேல் போட்டு, "முழுசா வந்துடுச்சா, அறுந்து உள்ளே கிடக்கா? எனக்கு இதுதான் பயம்" என்றார்.

குனிந்து பார்த்தேன். கழுவி நீட்டி வைத்தேன். "முழுசா வந்திருச்சுய்யா. இந்த முனை சாய்வெட்டு, அது உங்க வெட்டு. இந்த முனை நேர் வெட்டு, அது என்னோடது. ரெண்டுலயும் கிழிசல் இல்ல. இந்தத் துண்டைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, இழை இழையாச் சேருது."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதைச் சொல்லத் தெரிஞ்ச மனுஷனுக்கு அதைச் சொல்ல ரெண்டு நாளாச்சாக்கும்" என்றார். அவ்வளவுதான். அவர் உரித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

புதுத் திரி வைத்தார். இந்தத் தடவை எனக்கு விளக்கமாகச் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். சீழ் பிடித்த புண் அடியிலிருந்து ஆறிக்கொண்டு மேலே வர வேண்டும். மேல்வாய் முதலில் மூடினால், ஆறியது போலத் தெரியும். சீழ் உள்ளே அடைபட்டு இரத்தத்தில் கலக்கும். வாயைத் திறந்து வைக்கத்தான் திரி. திறந்திருக்கிற புண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கும். அந்தப் பயத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜட்காவில் திரும்பினோம். பாலம் தாண்டியதும் பாத்திமா, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். கூடையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

டாக்டர் மேலூர் போய்விட்டார். அந்த நாலு நாளும் திரி மாற்ற வேண்டியவர் சுந்தரம். என்னால் திட்டு வாங்கியவர் கையில்தான் ஜரிகையின் உயிர் இருந்தது. ஏனோதானோ என்று செய்துவிடுவாரோ என்று நடுங்கினேன். என் புத்தி அப்படி. அவர் அப்படிச் செய்யவில்லை. நகத்தைப் பிரஷ் போட்டுக் கழுவினார். ஒவ்வொரு நாளும் இழுத்த திரியை என் கண் முன்னால் நீட்டிக் காட்டினார். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் சீழ் கெட்டியாக வந்தது. இரண்டாம் நாள் நீர்த்து வந்தது. அன்று ஜரிகை பஞ்சுப் பாலை விழுங்கியது. மூன்றாம் நாள் காலையில் காது சூடு குறைந்திருந்தது. நம்பப் பயந்து பாத்திமாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் பயந்து என்னைத் திரும்பத் தொடச் சொன்னாள்.

அன்றைக்குத்தான் சுந்தரம் வாய் திறந்தார். "ஏன் பாய் அன்னைக்குச் சும்மா இருந்தீக?"

"பயம் தம்பி. அவரைக் கண்டாலே பயம்."

"எனக்கு மட்டும் பயமில்லையா?"

"தம்பி, உங்களுக்கு ஒரு நல்ல சட்டை தைச்சுத் தாரேன்" என்றேன்.

"சட்டை வேணாம் பாய். நீங்க உண்மையைச் சொன்னப்ப இங்கன ஒரு காளைக்காரருதான் இருந்தாரு. என்னைய ஏசுனப்ப பத்துப் பேரு இருந்தாக. அவரு வந்ததும் அதே மாதிரி ஆள் இருக்கையில சொல்லுங்க, சுந்தரம் கட்டுன கட்டு நல்ல கட்டுன்னு."

டாக்டர் திரும்பிய நாள் முற்றம் நிறைய மாட்டுக்காரர்கள். மூன்று முறை எழுந்து உட்கார்ந்தேன். நாலாம் முறை எழுந்து நின்று உரக்கச் சொன்னேன். பாதியில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். யாருக்கும் தலைகால் புரியவில்லை; பைத்தியக்காரன் என்றுகூட நினைத்திருப்பார்கள். டாக்டருக்குப் புரிந்தது. "சுந்தரம், வாய்யா, நீயே தையலைப் பிரி" என்றார். மீதி மூன்று தையலையும் சுந்தரம்தான் எடுத்தார். திரி இருந்த வாய் அரிசியளவுக்குச் சுருங்கியிருந்தது. சிவப்பு, சுத்தமான சிவப்பு. சீழ் இல்லை.

அந்த இடம் முழுதாக மூட இன்னும் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் எனக்கு நிம்மதி இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை புரட்டிப் பார்ப்பேன். இப்போது அங்கே ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான், ரோமம் முளைக்கவில்லை. இனிப் பார்க்க வேண்டியதில்லை என்று எல்லோரும் சொல்லியாயிற்று. ஆனாலும் விடிந்ததும் ஜரிகையைப் புரட்டிப் போட்டு, அந்தக் கோட்டில் விரலை வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் கடை திறக்கிறேன். அதற்குப் பிடிக்கவில்லை. இன்று காலையில் கடித்துவிட்டது. நாலு பல்லும் இறங்கின நல்ல கடி. பாத்திமா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "வலிக்குதா?" என்றாள். வலித்தது. இரத்தம் வந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.